மும்பையில் வாடகை வீடா? நோட்டரி ஒப்பந்தம் போதாது

செம்பூரிலோ மாட்டுங்காவிலோ வீடு பார்த்தால், “11 மாசம்தானே, நோட்டரி போதும்” என்று புரோக்கர் சொல்வார். நம்பாதீர்கள். 1999-ம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, 11 மாத ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ (வீட்டில் தங்க அனுமதி மட்டும் தரும்) ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும்.

பதிவு செய்வது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. தவறினால் 3 மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய அடி ஒன்று உண்டு: தகராறு வந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை, வாடகைக்கு இருப்பவர் சொல்லும் நிபந்தனைகளே செல்லும். ஓனர் தயங்கினால் இதை மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள்.

செலவும் பெரிதில்லை. மாதம் 25,000 வாடகை, 1 லட்சம் டெபாசிட், ஓராண்டு என்றால் முத்திரைக் கட்டணம் சுமார் ரூ.775, பதிவுக் கட்டணம் ரூ.1,000. ஏஜென்ட் கூலி தனி, அதைப் பேரம் பேசலாம். ஆதார் கைரேகை வைத்து வீட்டிலிருந்தே ஆன்லைனில் முடித்துவிடலாம். முடிந்ததும், பதிவு விவரங்களைச் சுருக்கமாகக் காட்டும் ‘இன்டெக்ஸ் 2’ நகலைக் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யாவிட்டால் ஓனர் இரட்டை வாடகை கேட்க அதே சட்டத்தின் 24-வது பிரிவு இடம் தருகிறது. முடியும் தேதியை நினைவில் வையுங்கள்.

அப்புறம், “டெபாசிட் 2 மாத வாடகைதான்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம். மாநிலம் ஏற்றால்தான் அது செல்லும்.