சாய மெஷினுக்கு எத்தனை கிலோ ஸ்டீம்?

திருப்பூர், பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறைகளில் தண்ணி சூடேறத் தாமதமானால் முதலில் திட்டு வாங்குவது பாய்லர்தான். பெரிய பாய்லருக்கு விலை கேட்பதற்கு முன் பேப்பரும் பேனாவும் எடுங்கள்.

250 கிலோ பனியன் துணி, லிக்கர் ரேஷியோ (ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணி) 1:8 என்றால் தண்ணி 2,000 லிட்டர். ஹாட் வாஷுக்கு (சுடுதண்ணி அலசல்) 30 டிகிரியிலிருந்து 80க்கு ஏற்ற வேண்டும். ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி ஏற்ற 1 கிலோ கலோரி. ஆக 2,000 × 50 = 1,00,000 கிலோ கலோரி. பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். துணியும் சூடாக வேண்டுமே. ஒரு கிலோ துணியை ஒரு டிகிரி ஏற்ற 0.32 கிலோ கலோரி, ஸ்டீலுக்கு 0.12. துணிக்கு 250 × 0.32 × 50 = 4,000. மெஷினின் ஸ்டீல் 2 டன் என்று வைத்தால் 2,000 × 0.12 × 50 = 12,000. வெளியே போகும் சூட்டுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் மொத்தம் 1,27,600.

மெஷின் பக்கத்து கேஜில் 3 கிலோ பிரஷர் இருந்தால், ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் (ஸ்டீம் தண்ணியோடு கலக்காமல் சூட்டை மட்டும் கொடுக்கும் பகுதி) ஒரு கிலோ ஸ்டீம் தண்ணியாக மாறும்போது சுமார் 510 கிலோ கலோரி தரும். வகுத்தால் 250 கிலோ ஸ்டீம். பாய்லர் கேஜைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். வழியில் பிரஷர் இறங்கியிருக்கும். ஸ்டீமில் பத்து சதவீதம் ஈரம் இருந்தால் 510 என்பது 459 ஆகிவிடும், தேவை 278 கிலோவாக ஏறும்.

அடுத்தது நேரம். கோளாறு பெரும்பாலும் இங்கேதான். 25 நிமிடத்தில் ஏற்ற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 10 கிலோ, அதாவது மணிக்கு 600 கிலோ வேகம். இதற்கு இரண்டரை இஞ்ச் லைன் வேண்டும். இரண்டு இஞ்ச் போட்டால் பிரஷர் விழும். ஒரு டன் பாய்லர் மணிக்கு 1,000 கிலோ ஸ்டீம் தரும் என்பது 100 டிகிரி தண்ணி ஊட்டும் கணக்கு. 30 டிகிரி தண்ணி ஊட்டினால் கிடைப்பது 850 கிலோ சொச்சம். இரண்டு மெஷினை ஒரே நேரத்தில் திறந்தால் 1,200 கேட்கும். பிரஷர் சரிந்து, பாய்லர் தண்ணியும் ஸ்டீமோடு ஏறி வரும். அரை மணி இடைவெளி விட்டாலே போதும்.

ஸ்டீமை நேராகத் தண்ணிக்குள் விட்டால் 175 கிலோவே 2,000 லிட்டரையும் ஏற்றிவிடும் (துணி, மெஷின், இழப்பு தனி). ஆனால் அந்த 175 லிட்டரும் தொட்டியில் சேரும், உப்புக் கணக்கு மாறும், பாய்லர் கெமிக்கல் ஷேடைக் கெடுக்கும். கண்டன்சேட்டும் (ஸ்டீம் குளிர்ந்து மாறிய சுடுதண்ணி) பாய்லருக்குத் திரும்பாது. ஒரு சொட்டுத் தண்ணியையும் வெளியே விடக் கூடாத நம் ஊரில் இது வீண் நஷ்டம்.

கணக்கு சரியாக இருந்தும் சூடு ஏறவில்லையா? ஸ்டீம் ட்ராப்பை (கண்டன்சேட்டை மட்டும் வெளியே விட்டு ஸ்டீமைத் தடுக்கும் வால்வு) பாருங்கள். ட்ராப் அடைத்தால் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் கண்டன்சேட் தேங்கும். மேல் பாதி கொதிக்க, அடிப்பாதி கை வைக்கும் சூட்டில் கிடக்கும். நடு நடுவே 'டங் டங்'கென்று அடிக்கும். ட்ராப் திறந்தபடியே நின்றால் ஸ்டீம் அப்படியே ரிட்டர்ன் லைனில் போய்விடும்.

நேராக அளந்தும் பார்க்கலாம். பேரலில் 100 லிட்டர் பச்சைத் தண்ணி ஊற்றி எடை போடுங்கள். மெஷின் சூடேறும்போது, ட்ராப்புக்கு அடுத்த பைப்பின் வாய் தண்ணிக்குள் மூழ்க, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி எடை போடுங்கள். கையுறை கட்டாயம். நம் கணக்குப்படி 50 கிலோ கூடியிருக்க வேண்டும். 30தான் என்றால் ட்ராப்பையும் அதற்கு முன்னுள்ள ஸ்ட்ரெய்னரையும் (குப்பை தடுக்கும் வடிகட்டி) கழற்றுங்கள். 50ஐ நன்றாகத் தாண்டி, பேரல் தண்ணியும் கொதிக்கத் தொடங்கினால் ட்ராப் ஸ்டீமை விட்டுக்கொண்டிருக்கிறது.