கோத்தகிரியில் உட்கார்ந்து குன்னூர் லினக்ஸைத் திறக்க: எக்ஸ்ஆர்டிபியா, விஎன்சியா, எக்ஸ்டூகோவா?

ஐப்பசி மழையில் குன்னூர் ரோட்டில் மரம் சாய்ந்தால் அன்றைக்கு ஆபீஸ் போக முடியாது. சித்தப்பா இலை ஏஜென்ட். பச்சைத் தேயிலைக் கணக்கு முழுக்க அங்கிருக்கும் உபுண்டு கம்ப்யூட்டரில். அதை வீட்டிலிருந்தே திறக்க மூன்று மென்பொருள்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

விஎன்சி திரையைப் படம் படமாக அனுப்பும். நெட் மந்தமானால் மவுஸ் ஒரு பக்கம், திரை ஒரு பக்கம். பழைய வகை விஎன்சியில் பாஸ்வேர்டின் முதல் 8 எழுத்து மட்டும்தான் கணக்கில் வரும். அனுப்பும் தகவலுக்கு மறையாக்கமும் (நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) கிடையாது. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவரின் திரையையே பார்த்துச் சொல்லிக்கொடுக்க எக்ஸ்11விஎன்சி அருமை. (லினக்ஸ் திரையைக் காட்ட வேலண்ட், எக்ஸ்11 என இரண்டு முறை உண்டு. இது வேலண்டில் ஓடாது, எக்ஸ்11 வேண்டும்.)

எக்ஸ்டூகோ எல்லாவற்றையும் எஸ்எஸ்எச் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வழியே அனுப்புகிறது, மெதுவான லைனிலும் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் இந்தப் பக்கமும் அதன் கிளையன்ட்டை (இணைக்கும் மென்பொருளை) நிறுவ வேண்டும். எக்ஸ்ஆர்டிபிக்கு அந்த வேலை இல்லை. விண்டோஸில் ரிமோட் டெஸ்க்டாப் கூடவே வருகிறது, லினக்ஸில் ரெம்மினா போதும். முதல்முறை செய்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

சரி, ஆரம்பிப்போம். முதலில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மென்பொருள் நிறுவும் கருவியான சினாப்டிக்கைத் திறந்து எக்ஸ்ஆர்டிபி, எக்ஸ்எஃப்சிஈ4 (ஒரு டெஸ்க்டாப்) இரண்டையும் தேடி நிறுவுங்கள். உபுண்டுவின் வழக்கமான டெஸ்க்டாப்பான க்னோமைவிட எக்ஸ்எஃப்சிஈ இலகுவானது, தொலைவிலிருந்து பார்க்க அதுதான் நல்லது.

அடுத்து அதே கம்ப்யூட்டரில் உங்கள் ஹோம் ஃபோல்டரில் எக்ஸ்செஷன் என்ற ஃபைலை உருவாக்குங்கள். பெயர் ஆங்கிலச் சின்ன எழுத்தில், புள்ளியில் தொடங்க வேண்டும் (.xsession). உள்ளே ஒரே வரி: எக்ஸ்எஃப்சிஈ4, சிறுகோடு, செஷன், எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். அப்புறம் ஒருமுறை ரீஸ்டார்ட்.

இப்போது அதே வைஃபையில் இருக்கும் இன்னொரு லேப்டாப்பில் ரிமோட் டெஸ்க்டாப்பையோ ரெம்மினாவையோ திறந்து, ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். போர்ட் 3389.

எனக்கு இங்கேதான் ஒரு நாள் போனது. பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது, பிறகு வெறும் கறுப்புத் திரை. மூன்று தடவை அழித்து நிறுவினேன். கடைசியில் பார்த்தால், ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே அதே யூசர் பெயரில் சித்தப்பா லாகின் செய்து வைத்திருந்தார். "சித்தப்பா, ஒரு தடவை லாக் அவுட் பண்ணிடுங்க" என்று சொல்லி அவர் செய்ததும் டெஸ்க்டாப் வந்துவிட்டது. தொலைவு வேலைக்குத் தனி யூசர் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

வெளியிலிருந்து வர வேண்டும் என்றால் ரவுட்டரில் 3389-ஐத் திறந்து விடாதீர்கள். கதவைத் தட்டிப் பார்க்கும் ஸ்கேனர்கள் இணையம் முழுக்க உண்டு. வயர்கார்டை அடிப்படையாகக் கொண்ட டெயில்ஸ்கேலை (இரண்டு கம்ப்யூட்டருக்கும் இடையே தனி மறையாக்கப்பட்ட வலையமைப்பு, அதாவது விபிஎன்) இரண்டு பக்கமும் போட்டு, ஒரே கணக்கில் லாகின் செய்து, அது தரும் ஐபியைப் பயன்படுத்துங்கள்.

ரெம்மினாவில் கலர் டெப்த்தை (திரையின் நிறத் துல்லியத்தை) 16 பிட்டுக்கு இறக்கினால் மந்தமான லைனுக்கு நல்லது. பிறகு அதை மாற்றாதீர்கள். லைன் அறுந்து திரும்ப வரும்போது யூசரும் கலர் டெப்த்தும் ஒன்றாக இருந்தால்தான் எக்ஸ்ஆர்டிபி பழைய செஷனையே தரும். பாதி போட்ட இலை எடை அப்படியே திரையில் இருக்கும்.