டர்பனில் டீசல் பக்கி வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் மட்டும் மூன்று பேர் என் முன்னால் ஃபோனை நீட்டினார்கள். ஒருவர் இந்திய விலை காட்டினார், இன்னொருவர் தாய்லாந்து விலை, மூன்றாமவர் ஆஸ்திரேலிய விலை. கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இதே வண்டி அங்கே இவ்வளவு மலிவு, இங்கே மட்டும் ஏன் இப்படி?" 2006இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த புதிதில் நானும் இதையே கேட்டுக்கொண்டு திரிந்தேன். கிளேர்வுட் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றி சாட்ஸ்வொர்த் கடைகளுக்குப் போடுவதுதான் அன்றிலிருந்து என் தொழில். இதுவரை ஐந்து பக்கி மாற்றிவிட்டேன் (பிக்அப்புக்கு இந்த நாட்டில் பக்கி என்றுதான் பெயர்). ஆயில் பார், டயர் பார், துரு பார் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

ரூபாயை ராண்டாக மாற்றி விலை ஒப்பிடுவது

2022இல் டொயோட்டா ஹைலக்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது தொடக்க விலை 33.99 லட்சம் ரூபாய். அது ஷோரூம் விலை. சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் அதற்கு மேல். அங்கே வந்தது 2.8 டீசல், டபுள் கேப் (இரண்டு வரிசை சீட்), நான்கு சக்கர இழுவை மட்டும்தான். நமக்கு இங்கே தேவைப்படும் ஒரே வரிசை சீட் உள்ள சாதாரண சிங்கிள் கேப் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது?

தாய்லாந்தில் பிக்அப்புக்குக் கலால் வரி காரைவிட மிகக் குறைவு, வாட் (மதிப்புக் கூட்டு வரி) 7 சதவீதம். இங்கே வாட் 15 சதவீதம். டபுள் கேப் கிலோமீட்டருக்கு 175 கிராமுக்கு மேல் கார்பன் புகை விட்டால் அதற்கும் தனி வரி உண்டு. அமெரிக்காவில் இறக்குமதி பிக்அப்புக்கு 1964 முதல் 25 சதவீத சுங்கம், ஹைலக்ஸ் இப்போது அங்கே விற்பனைக்கு வராததற்கு அதுவும் ஒரு காரணம். வண்டியின் விலையில் பாதிக் கதையை அந்தந்த நாட்டு அரசாங்கம்தான் எழுதுகிறது.

பெயர் ஒன்று என்றால் வண்டியும் ஒன்று என்று நம்புவது

இசுசு டி-மேக்ஸின் 1.9 டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 163 பிஎஸ் (குதிரைத் திறன்), இழுவிசை 360 நியூட்டன் மீட்டர். இங்கே 110 கிலோவாட், அதாவது சுமார் 150 பிஎஸ், 350 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் பலம் வேண்டுமென்றால் இங்கே 3.0 எஞ்சின் கிடைக்கும். ஹைலக்ஸ் 2.8இல் ஆட்டோமேட்டிக்குக்கு 500 நியூட்டன் மீட்டர், மேனுவலுக்கு 420தான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது 500. பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில்லில் முழுச் சுமையோடு ஏறும்போது அந்த 80இன் வித்தியாசம் காலடியில் தெரியும்.

டிரான்சிட் வண்டியை வாங்குவது

இதைப் பற்றி நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

டர்பன் துறைமுகத்தில் இறங்கும் பழைய வண்டிகள் எல்லாம் தென்னாப்பிரிக்காவுக்கு வருபவை அல்ல. ஜிம்பாப்வே, ஜாம்பியா, மலாவி என்று எல்லை தாண்டிப் போக வேண்டிய டிரான்சிட் வண்டிகள் ஏராளம். இங்கே வரி கட்டாமல், நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகிறோம் என்ற சுங்க உறுதியின் பேரில் கிடங்குகளில் நிற்கின்றன. வரி கட்டாத வண்டி மலிவாக இல்லாமல் எப்படி இருக்கும்?

2011இல் அப்படி ஒரு யார்டில் வெள்ளி நிற ஹைலக்ஸ் ஒன்றைப் பார்த்தேன். தாய்லாந்தில் ஓடிய 2.5 டீசல். சீட்டில் கிழிசல் இல்லை, எஞ்சின் ஒரே திருப்பில் எடுத்தது. உள்ளூர் டீலர் சொன்ன விலையில் பாதி. "பேப்பர் ரெண்டு மாசத்தில் வந்துடும், நாங்க பாத்துக்கிறோம்" என்றார் விற்றவர். மனைவியின் வளையலை வைத்து 85,000 ராண்ட் கொடுத்தேன்.

கண்ணாடியில் வட்டமாக லைசென்ஸ் டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தற்காலிக பர்மிட் காகிதம் ஒட்டியிருந்தது. வெயிலில் வெளிறிப்போன தேதியின் மேல் யாரோ நீலப் பேனாவால் புதுத் தேதி எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்தும் வாங்கினேன்.

எட்டு மாதம் ஓடியது. ஒருநாள் விடிகாலை ஹிக்கின்சன் ஹைவேயில் மறித்துச் சோதனை. அதிகாரி டார்ச் அடித்து அந்தக் காகிதத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து சேஸிஸ் நம்பரைப் பார்த்தார். முப்பது பெட்டித் தக்காளியைச் சாலையோரத்தில் இறக்கச் சொன்னார்கள். வண்டி போனது போனதுதான். விற்றவருக்கு ஃபோன் போட்டால் எண் உபயோகத்தில் இல்லை.

அப்போது நான் கேட்டது: "சரி, அந்த வரியை நானே கட்டிவிடுகிறேன், வண்டியைக் கொடுங்கள்." முடியாது. இது பலருக்குப் புரிவதில்லை. பணம் கட்டினால் தீரும் விஷயமே இல்லை இது. பழைய வண்டி இறக்குமதிக்கே இந்த நாட்டில் பொதுவாகத் தடை. உள்ளூர்த் தொழிற்சாலைகளைக் காப்பாற்றத்தான் அந்தத் தடை. ஹைலக்ஸ் டர்பனுக்குத் தெற்கே ப்ராஸ்பெக்டனில் தயாராகிறது, ஃபோர்டு ரேஞ்சர் பிரிட்டோரியாவின் சில்வர்ட்டனில், டி-மேக்ஸ் கெபேஹாவில் (பழைய பெயர் போர்ட் எலிசபெத்). விதிவிலக்கு சிலருக்கு மட்டும்: நிரந்தர வசிப்புரிமை வாங்கிக் குடியேறுகிறவர், வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் குடிமக்கள் போன்றவர்கள். அவர்களும் குறைந்தது ஒரு வருடம் சொந்தமாக வைத்து ஓட்டிய வண்டியைத்தான் கொண்டுவரலாம். அதற்கும் இட்டாக் என்கிற வணிக ஆணையத்தின் பர்மிட் முன்கூட்டியே வேண்டும். வேலை விசாவில் இருக்கும் நம் பையன்களுக்கு அந்த வழி கிடையாது.

பர்மிட் இல்லாத வண்டியை இனாட்டிஸ் என்கிற நாட்டு வண்டிப் பதிவுக் கணினியில் ஏற்ற மாட்டார்கள். அதில் ஏறாத வண்டிக்கு பேங்க் கடன் தராது, மோதினால் இன்சூரன்ஸ் தராது. பக்கத்து நாட்டு நம்பர் பிளேட் மாட்டி ஓட்டலாம் என்று சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தம்பி, நான் ஓட்டியது அப்படித்தான்.

பணம் கொடுக்கும் முன் சேஸிஸ் நம்பரின் முதல் மூன்று எழுத்தைப் பாருங்கள். உள்ளூர் ஹைலக்ஸ் என்றால் AHT என்று தொடங்கும். MR0 (கடைசியில் பூஜ்யம்) என்றால் தாய்லாந்தில் செய்தது, உடனே கேள்வி கேளுங்கள். 2012 செப்டம்பருக்குப் பிறகு இங்கே முதன்முறை பதிவான வண்டிகளில் மைக்ரோடாட் என்னும் பொடிப் புள்ளிகள் தெளித்திருப்பார்கள். அல்ட்ரா வயலெட் விளக்கு அடித்தால் ஒளிரும். பதிவுச் சான்றிதழை விற்பவர் கையிலேயே விட்டுவிடாமல், அவரோடு சேர்ந்தே லைசென்சிங் ஆபீசுக்குப் போங்கள். வர மாட்டேன் என்றால் வண்டியும் வேண்டாம். இவ்வளவு சொல்லியும் போன மாதம் வந்த மூவரில் ஒருவர் ஏற்கனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தார்.

டபுள் கேபுக்கு வாட் திரும்ப வரும் என்று கணக்குப் போடுவது

வராது. வாட் சட்டத்தில் அது கார். வாட் பதிவு உள்ளவர் தொழிலுக்கு வாங்கும் சிங்கிள் கேபுக்கு வரும். பிரிட்டனில் வாட்டைப் பொறுத்தவரை ஒரு டன் சுமக்கும் டபுள் கேப் சரக்கு வண்டிக் கணக்கு. அந்த நாட்டு வீடியோ பார்த்து இங்கே வாங்கிவிடாதீர்கள்.

டீசலைப் பார்க்காமல் ஊற்றுவது

இங்கே பம்பில் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) கந்தகம் உள்ள டீசலும் உண்டு, 50ம் உண்டு. சில இடங்களில் 10 கிடைக்கும். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 10தான். புகைத்துகள் வடிகட்டி உள்ள புது எஞ்சினில் 500 ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். டேங்க் மூடியின் உள்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

டிரெய்லர்

டிரெய்லரின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 750 கிலோவுக்கு மேல் என்றால் இபி (EB) டிரைவிங் லைசென்ஸ் வேண்டும்.

பெயரைச் சொல்லி ஸ்பேர் ஆர்டர் செய்வது

சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ஆர்டர் செய்யுங்கள். ஊரிலிருந்து வருகிறவரிடம் சொல்லி வரவழைத்த ஒரு ஜோடி இன்ஜெக்டர், எஞ்சினுக்குப் பொருந்தாமல், என் ஷெட் அலமாரியில் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கிறது.