மேட்டூர் தண்ணீர் பச்சையானால் எங்கே பார்க்க வேண்டும்?

மேட்டூர் அணையின் பின்பக்கம், பண்ணவாடி, கோட்டையூர் பகுதிகளில் சில ஆண்டுகள் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்தது போல நிற்கும். பரிசல் போன தடம் கொஞ்ச நேரம் கருப்பாகத் தெரியும், அப்புறம் பாசி கூடி மூடிக்கொள்ளும். அது கரையொதுங்கி அழுகினால் எழும் நாற்றத்தில் பக்கத்து வீடுகளில் சோறு இறங்காது. உடனே எல்லோரும் தண்ணீரையே பார்க்கிறோம். பாசிக்குத் தீனி நிலத்திலிருந்து வருகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

அடுத்த கேள்வி, "எந்தத் தொழிற்சாலை திறந்துவிட்டது?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதோடு நிறுத்திவிடுவது தவறு. ஆலைக்கு ஒரு குழாய் இருக்கும், போய்ப் பிடிக்கலாம். வயலுக்குக் குழாய் கிடையாது. உழுது போட்ட சரிவில் கோடைமழை அடித்தால் மேல்மண் கரைந்து ஓடும். உரத்தில் இருந்த பாஸ்பரஸ் அந்த மண்துகளில் ஒட்டிக்கொண்டே அணைக்கு வந்து சேரும், நைட்ரேட் தண்ணீரிலேயே கரைந்து வரும். அதே சரிவில் புதரும் புல்லும் இருந்தால் மழைநீர் வேகம் குறைந்து, மண்ணில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும்.

மேட்டூரில் இன்னொன்றும் நடக்கிறது. இதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 1934-ல் கட்டி முடித்த இந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மட்டம் இறங்க இறங்க, மூழ்கிக் கிடந்த நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். கூடவே பெரும் பரப்பில் வண்டல் நிலமும் வெளிப்படும். சுற்றியுள்ள விவசாயிகள் இறங்கி சோளம், எள், ராகி என்று விதைப்பார்கள். அணைக்காக நிலத்தை இழந்த ஊர்கள் இவை. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் தண்ணீர் திரும்ப ஏறும்போது தட்டையும் வேரும் மிச்ச உரமும் அப்படியே மூழ்குகின்றன. அவை அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைகிறது, அவற்றிலுள்ள சத்தும் தண்ணீரில் இறங்குகிறது. நில வரைபடத்தில் "விவசாயம் இத்தனை சதவீதம்" என்று மொத்தமாகக் கூட்டினால் இது தெரியாது. நீர்விளிம்பில் இருக்கும் ஒரு ஏக்கர், ஓடையே எட்டாத தூரத்து ஏக்கரைவிடப் பல மடங்கு பாதிக்கும். தண்ணீர் ஏறும் முன் தட்டையை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுவதும், உரத்தைக் குறைப்பதும் இங்கே உண்மையாகவே பலன் தரும்.

தூரத்தை வைத்து ஏமாறுவதும் உண்டு. பெங்களூருக்கும் மேட்டூருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். அந்நகரின் கழிவுநீரில் ஒரு பகுதி விருஷபாவதி ஆற்றில் விழுகிறது, விருஷபாவதி அர்க்காவதி ஆற்றில் சேர்கிறது, அர்க்காவதி மேகதாதுவுக்கு மேலே சங்கமாவில் காவிரியில் கலக்கிறது. அந்த ஆறுகளின் பக்கம் ஏரியும் வயலுமாக இருந்த இடம் கட்டடமானால், அதன் சாக்கடை ஒகேனக்கல் வழியாக இங்கேதான் வந்தாக வேண்டும்.

சோதனையிலும் தவறு நடக்கும். அணைச் சுவர் ஓரம், வெயில் நாளில், மேல்தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்துவிட்டு "தரம் பரவாயில்லை" என்று சொல்லிவிட முடியாது. புதுவெள்ளம் வரும் முதல் சில நாட்களில், ஓடைகள் சேரும் வாயில், ஆழத்திலும் எடுத்தால்தான் நிலத்திலிருந்து என்ன வருகிறது என்பது தெரியும்.

பாசி மேல் நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பது நாற்றத்துக்குத் தற்காலிக ஆறுதல், அவ்வளவுதான். மேலிருந்து வரும் சத்தை நிறுத்தினால்கூட அடுத்த வருடமே தெளிந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அடிவண்டலில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பாஸ்பரஸ், அடியில் ஆக்சிஜன் குறையும்போதெல்லாம் மீண்டும் வெளியே வரும்.

கரையோரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. நீலப்பச்சைப் பாசியில் சில வகை நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. பச்சையாக நுரைத்துக் கிடக்கும் இடத்தில் குடிக்க எடுக்காதீர்கள், குழந்தைகளைக் குளிக்க விடாதீர்கள், மாட்டையும் இறக்காதீர்கள்.