யோசிப்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல்? எடைமேடையில் கற்றது

கொச்சியில் ஒரு நிறுவனம் கணக்கு எழுத என்னைக் கூப்பிட்டிருந்தது. யோசித்துச் சொல்ல இரண்டு நாள் வேண்டும் என்று நாகரிகமாக எழுத ஆசைப்பட்டேன். அகராதியில் ‘யோசி’ என்பதற்கு எதிரே இருந்த சொற்களில் பார்வைக்கு அழகாக இருந்த ஒன்றைப் பொறுக்கி, ‘ஐ ஆம் புரூடிங் ஓவர் யுவர் ஆஃபர்’ என்று எழுதிவிட்டேன். இவ்வளவு மனக்கஷ்டத்தோடு வர வேண்டாம், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது.

இப்போது கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில், ஓர் எடைமேடையில் பில் எழுதுகிறேன். மாலையில் அக்காள் மகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அவளுக்குச் சொன்ன முறைதான் இது.

முதலில், எல்லாச் சொல்லுக்கும் ‘சிந்தித்தல்’ என்றே பொருள் எழுதியிருக்கும் பட்டியலை மூடி வையுங்கள். எங்களைப் போலத் தமிழ்நாடு, கேரள எல்லையில் இருப்பவர்களுக்கு இதன் ஆபத்து தெரியும். நாம் ‘விசாரித்தேன்’ என்றால் யாரிடமோ கேட்டோம் என்று பொருள். மலையாளி ‘ஞான் விசாரிச்சு’ என்றால், அவர் மனதுக்குள் நினைத்தார், அவ்வளவுதான். சோதனைச்சாவடியைத் தாண்டினாலே சொல் குணம் மாறும்போது, ஆங்கிலச் சொற்கள் பத்தும் ஒரே குணத்தோடு இருக்குமா?

அடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருளைப் பிடியுங்கள். என் கண்ணெதிரே இருப்பது எடைமேடை. லாரி ஏறியதும் திரையில் எண்கள் துள்ளும். ஓட்டுநர் இறங்கி, எண் நிலைத்த பிறகுதான் நான் எழுதுவேன்: ஏற்றிய எடை 15,640 கிலோ. சரக்கை இறக்கிவிட்டு வந்தால் வெற்று எடை 6,210. கழித்தால் தேங்காய் 9,430. ‘பாண்டர்’ என்ற சொல் எடையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே கனமான விஷயத்துக்கே அதை வையுங்கள். வீட்டை விற்பதா என்பதற்குப் பொருந்தும். டீயா காப்பியா என்பதற்கு வேண்டாம்.

‘டெலிபரேட்’ அதற்குப் பங்காளி. ஆனால் அதன் வேரில் இருப்பது தராசு. மேடைக்குத் தட்டு ஒன்று, தராசுக்கு இரண்டு. இரு பக்க வாதத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பதற்கு, அதிலும் குழுவாக உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதற்கு இந்தச் சொல். வினையாக வரும்போது கடைசியில் ‘ரேட்’ என்று நீட்டுங்கள். ‘ரட்’ என்று குறுக்கினால் ‘வேண்டுமென்றே’ என்ற பொருளுக்குப் போய்விடும்.

‘ரூமினேட்’ படிக்கப் புத்தகம் தேவையில்லை, தொழுவத்துக்குப் போங்கள். படுத்திருக்கும் பசுவின் கழுத்தைக் கவனியுங்கள். கீழிருந்து ஓர் உருண்டை மேலே ஏறி வருவது தோலுக்கு வெளியே தெரியும். தாடை பக்கவாட்டில் அரைக்கும். விழுங்கும். சற்று நேரம் சும்மா இருக்கும். பிறகு அடுத்த உருண்டை. நாளுக்கு 7, 8 மணி நேரம் இதே வேலை. மாட்டின் முதல் இரைப்பையின் பெயர்தான் இந்தச் சொல்லுக்கும் வேர். நம் ‘அசைபோடுதல்’ அச்சாக இதுவே. மலையாளத்திலும் நினைவுகளை ‘அயவிறக்குக’ என்பார்கள். எப்போதோ விழுங்கியதைத்தான் அசைபோட முடியும் என்பதால், நடந்து முடிந்ததைத் திரும்பத் திரும்ப நினைப்பதற்கு இது நன்றாகப் பொருந்தும். மனநல மருத்துவர்கள் இதன் பெயர்ச்சொல்லை நல்ல அர்த்தத்தில் சொல்வதில்லை. கவலையையே சுற்றிச் சுற்றி அரைப்பதை அப்படிச் சொல்கிறார்கள்.

என் வேலையைக் கெடுத்த ‘புரூட்’ அடைக்கோழி. 21 நாள் ஒரே இடம், சரியாக இரை எடுக்காது, கிட்டே போனால் கொத்தும். கூமுட்டை என்றாலும் எழுந்திருக்காது. மனத்தாங்கலை அடைகாப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. வேலை தருகிறவருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் வேண்டாம். அங்கே ‘கன்சிடர்’ போதும்.

‘கான்டம்ப்ளேட்’ ரோமாபுரிப் பூசாரிகள் பறவைச் சகுனம் பார்க்க வானில் எல்லை வகுத்த இடத்தின் பெயரிலிருந்து வந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருத்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுச் சொற்களில்தான் பலர் வழுக்குகிறார்கள். ‘ரிஃப்ளெக்ட்’ பின்னால் ‘ஆன்’ வந்தால் மனிதன் யோசிக்கிறான். வராவிட்டால் பெரும்பாலும் கண்ணாடியின் வேலை. ‘மல்’ என்றால் கூடவே ‘ஓவர்’. இது வீட்டுப் பேச்சுச் சொல், அவசரமில்லாமல் மனதில் புரட்டிக்கொண்டிருப்பது. ‘கான்டம்ப்ளேட்’டுக்கு ஒட்டே வேண்டாம். அதன் பின்னால் ‘அபவுட்’ போடுவது நம் ஊர்ப் பழக்கம், விட்டுவிடுங்கள்.

கடைசியாகப் பயிற்சி. ஒரு நாளில் யாராவது யோசிப்பதைப் பார்த்தால், எந்தச் சொல் என்று உடனே தீர்மானியுங்கள். போன வாரம் திருச்சூர்க்காரர் ஒருவர் பழைய லாரிக்கு விலை கேட்டுவிட்டு, ‘ஒன்னு ஆலோசிக்கட்டே’ என்று எதிர் டீக்கடைக்குப் போனார். லட்சக்கணக்கில் விலை, அதனால் ‘பாண்டர்’ என்றேன். அக்காள் மகள் எட்டிப் பார்த்தாள். அவர் பழம்பொரியைப் பிய்த்தபடி யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ‘மல் ஓவர், மாமா’ என்றாள். அவர் அரை மணி கழித்து வந்து, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மதிப்பெண் அவளுக்குத்தான் போட்டேன்.