ரோட்டோரம் வீடா? முதல்ல ஜன்னல் இடுக்க அடைங்க

வல்லம் பக்கம் தஞ்சாவூர்-திருச்சி ரோட்ட ஒட்டி குடியிருக்கவங்களுக்கு தெரியும், ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி ஏர் ஹாரன் அடிச்சா கட்டிலே அதிரும். ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் குடியிருப்பு பகுதில 45 டெசிபல்தான்னு 2000-ல வந்த விதி சொல்லுது, அதெல்லாம் டிரைவர் காதுல விழணுமே!

நாலு வேப்பமரம் வைங்கன்னாங்க, வச்சேன், நிழல் கிடைச்சுது அவ்ளோதான், இலை இடுக்கு வழியா சத்தம் ஜாலியா வந்துரும். காம்பவுண்ட் சுவர்தான் வேலை செய்யும், அதுவும் ஜன்னல்லேர்ந்து பாத்தா வண்டி தெரியாத உயரத்துக்கு, நடுவுல ஓட்டை இல்லாம இருக்கணும், மாடி ரூமுக்கு இது பத்தாது.

செலவில்லாம பண்ணணும்னா ஒரு ஊதுவத்திய கொளுத்தி மூடின ஜன்னல் ஓரமா மெதுவா காட்டிக்கிட்டே போங்க, புகை எங்க ஆடுதோ அங்கதான் சத்தமும் உள்ள வருது. எங்க வீட்டு பழைய மரஜன்னல்ல சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவுல சுண்டுவிரலே போச்சு. ஹார்டுவேர் கடைல மீட்டர் கணக்குல விக்கிற ரப்பர் பீடிங் வாங்கி ஒட்டுனேன், டயர் இரைச்சல் நல்லாவே அடங்கிருச்சு, ஹாரன் மட்டும் லேசா கேக்குது. தெர்மகோல் மட்டும் ஒட்டாதீங்க, வெயிட் இல்லாத பொருள் சத்தத்த நிறுத்தாது.