கடினமான பிரசவத்தைப் பற்றி வாய்திறந்து சொல்வது எப்படி

"தாயும் சேயும் நலம்" என்று எல்லோருக்கும் செய்தி போய்விடும். அதற்கப்புறம் பிரசவ அறையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. நாமாகப் பேச்செடுத்தாலும் "அதான் குழந்தை நல்லபடியா பொறந்துடுச்சே" என்று முடித்துவிடுவார்கள். அன்பாகச் சொல்வதுதான், ஆனால் அந்த ஒரு வரியில் எத்தனையோ பெண்களின் வாய் அடைத்துப்போகிறது. எனக்கு அவசர சிசேரியன், அதோடு கடும் ரத்தப்போக்கு. அதிலிருந்து தேறி வந்தவளாக இதை எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். பிரசவமான 3, 4 நாளில் காரணமில்லாமல் அழுகை வருவதும் எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருவதும் பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு. 2 வாரத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லை, குழந்தை தூங்கும்போதுகூட உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டும்.

இதிலிருந்து வேறுபட்டது, பிரசவத்தில் ஏற்பட்ட அதிர்ச்சி மனதை விட்டுப் போகாமல் இருப்பது. எனக்கு லிஃப்ட் கதவு திறக்கும் 'டிங்' சத்தம் போதும். குழந்தையின் இதயத்துடிப்பு மானிட்டர் காதுக்குள் அலறும், உள்ளங்கை வேர்க்கும், ஆபரேஷன் தியேட்டர் விளக்கு கண்முன்னால் வந்து நிற்கும். சிலருக்குக் கெட்ட கனவு வரும். சிலர் மருத்துவமனை இருக்கும் தெருப்பக்கமே போகமாட்டார்கள். சிலர் குழந்தை மூச்சுவிடுகிறதா என்று இரவெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்கென்றே சிகிச்சை உண்டு. கேஸ் ஷீட்டில் 'சுகப்பிரசவம்' என்று எழுதியிருந்தாலும் இது வரலாம். கதறியபோது ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்பதும் அதிர்ச்சிதான்.

என்ன செய்யலாம்? ஒரு தாளில் நடந்ததை வரிசையாக எழுதிப் பாருங்கள். பனிக்குடம் உடைந்தது, யார் என்ன சொன்னார்கள், எப்போது ஓடினார்கள். நினைவில்லாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். எழுத எழுத நெஞ்சு படபடத்தால் நிறுத்திவிடுங்கள், அவசரமே இல்லை. வீட்டில் இருப்பவர்களும் உட்காரவைத்துக் கிளறிக் கிளறிக் கேட்கக் கூடாது. விருப்பமில்லாதவரைப் பேசவைப்பது காயத்தை ஆழமாக்கும்.

அந்தக் கேள்விக்குறிகளோடு பிரசவம் பார்த்த மருத்துவரிடம் நேரம் கேளுங்கள், பிரசவக் கோப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். யாரும் எதுவும் சொல்லாமல் ஏன் என்னை மயக்கத்தில் ஆழ்த்தினார்கள் என்பது எனக்குப் பெரிய ரணமாக இருந்தது. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகும் வரை காத்திருக்க நேரமில்லை, குழந்தையின் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது என்று மருத்துவர் கோப்பின் பக்கத்தைக் காட்டி விளக்கினார். கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் இரவில் அதே கேள்வி திரும்பத் திரும்ப வருவது நின்றது.

மனநல உதவிக்குப் போகும்போது "மனசு சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள், "ரெஸ்ட் எடுங்கம்மா" என்ற பதிலோடு திரும்பி வருவீர்கள். "இத்தனை வாரமாக, வாரத்தில் இத்தனை இரவு, பிரசவ அறை கனவில் வருகிறது" என்று சொல்லுங்கள். எடின்பரோ அளவீடு என்ற கேள்வித்தாளைக் கேளுங்கள். 1987-இல் வந்தது; கடந்த 7 நாளைப் பற்றி 10 கேள்விகள், தமிழிலும் இருக்கிறது. அதில் மதிப்பெண் குறைந்தாலும் அதிர்ச்சியைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள், அது மனச்சோர்வை அளப்பதற்கானது. ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் அவசியம். அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றுவது), இ.எம்.டி.ஆர். (கண்ணை அசைத்தபடி அந்த நினைவை ஆற்றும் சிகிச்சை) இரண்டும் நல்ல பலன் தருபவை. மாத்திரை என்றால் தாய்ப்பாலை நிறுத்தவேண்டியிருக்கும் என்று பயந்து மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைப் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் கொடுக்கிறார்கள்.

"குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ" என்ற எண்ணம் திடீரென்று குறுக்கே வந்து நம்மையே நடுங்கவைக்கும். இது ஏராளமான தாய்மார்களுக்கு வருகிறது. நீங்கள் கெட்ட அம்மா இல்லை. மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆனால் ஒருத்திக்கு இல்லாத குரல் கேட்கிறது, தூக்கமே வேண்டாம் என்று பரபரக்கிறாள், குழந்தையைப் பற்றி விசித்திரமாக நம்புகிறாள், அல்லது சாவதைப் பற்றிப் பேசுகிறாள் என்றால் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். அன்றே அவசரச் சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள், தாயையும் குழந்தையையும் தனியாக விடாதீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு ஆயிரத்தில் ஓரிருவருக்கு வருவது, பெரும்பாலும் முதல் 2 வாரத்தில். உடனே சிகிச்சை கொடுத்தால் குணமாகும்.

மறுபடி கருத்தரித்தால், முதல் செக்கப்பிலேயே நடந்ததை எழுதிவைத்த அந்தத் தாளைப் புது மருத்துவரிடம் கொடுங்கள். என்ன செய்வதானாலும் முதலில் உங்களிடம் சொல்லவேண்டும் என்பதைக் கோப்பில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.